கூட்டிப் போட்ட மணிநேரங்கள்

1

அண்ணாவின் அறுபதாம் கல்யாணம் நல்லபடியாக நடந்து முடிந்த மறுநாள், திருவனந்தபுரம் வலியசாலை வீட்டில் மிச்சமிருந்த பட்சணத்தைக் கொறித்துக்கொண்டு எல்லோரும் காலை நீட்டி உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் அந்த மின்னஞ்சல் வந்தது. ‘அன்புள்ள விண்ணப்பதாரருக்கு’ என்று ஆரம்பித்தது. அமெரிக்காவில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியதில் நான் தெரிந்துகொண்ட ஒன்று, பெயரைச் சொல்லாமல் அன்பை மட்டும் சொல்லி ஆரம்பிக்கும் கடிதம் நல்ல சேதி கொண்டுவராது என்பது.

ஊரில் இருப்பவர்களுக்கு முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் படித்தது ஆப்டோமெட்ரி. கண் டாக்டர் இல்லை. ஆனால் கண்ணைச் சோதித்துப் பவர் கணிப்பது, நோய்க்கான அறிகுறி தெரிந்தால் டாக்டரிடம் அனுப்பி வைப்பது எல்லாம் எங்கள் வேலை. திருவனந்தபுரத்தில் நாலு வருஷம் இதைப் படித்தேன். கல்யாணமாகி, கன்ஸாஸ் மாநிலத்தில் விச்சிடா என்ற ஊருக்குப் போனதும் அந்தப் படிப்பு அங்கே செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் ஊரில் முதலில் ஏதாவது ஒரு பட்டம் வாங்க வேண்டும், அதற்கு மேல் நாலு வருஷம் இதைப் படிக்க வேண்டும். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு எட்டு வருஷத்துக்கு எங்கே போவது? ஒரு கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன்.

கடைக்கு உள்ளேயே பரிசோதனை அறை இருக்கிறது. டாக்டர் உள்ளே உட்கார்ந்து, ‘ஒன்றா, இரண்டா, எது தெளிவாகத் தெரிகிறது?’ என்று கேட்பது வெளியே கேட்கும். நான் வெளியே திருகாணி முடுக்கிக்கொண்டிருப்பேன். காதுக்குப் பின்னால் உறுத்துகிறது என்பவர்களுக்கு ஃப்ரேமின் காலைச் சூடுபண்ணி வளைத்துக் கொடுப்பேன். இதில் அவமானம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவள் பல வருஷமாகக் கதவுக்கு வெளியே நிற்பது சுலபம் என்று நான் பொய் சொல்லப் போவதில்லை.

அப்படி இருக்கும்போதுதான், வேறு மாநிலத்தில் ஒரு கல்லூரி வெளிநாட்டில் படித்தவர்களுக்காக ஒரு குறுகிய படிப்பு நடத்துவது தெரியவந்தது. நாலு வருஷத்துக்குப் பதில் இரண்டு வருஷம். ‘போய்ப் படி, சமையலை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்றார் என் கணவர். அவர் சமையலைச் சாப்பிட்டவள் என்பதால் அந்தத் தியாகத்தின் அளவு எனக்குத் தெரியும். ஒரே ஒரு சிக்கல். என் பழைய படிப்பை அவர்கள் ஊர்க் கணக்குக்கு மாற்றி, ஒரு மதிப்பீட்டு நிறுவனம் சான்று கொடுக்க வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தக் குறுகிய படிப்பை இந்த வருஷத்தோடு நிறுத்துகிறார்கள். விட்டால் கிடையாது. எனக்கு நாற்பத்தாறு வயது.

இப்போது வந்த கடிதம் அந்த மதிப்பீட்டு நிறுவனத்திடமிருந்து. உங்கள் கல்லூரி அனுப்பிய தாள்களின்படி நீங்கள் ஒரு அரையாண்டில் நாற்பத்தெட்டு க்ரெடிட் படித்திருக்கிறீர்கள், எந்த மாணவராலும் இதைச் செய்ய முடியாது, இரண்டு வாரத்துக்குள் திருத்திய தாள்கள் வராவிட்டால் கோப்பு மூடப்படும் என்று இருந்தது.

நான் இரண்டு தடவை படித்தேன். வாயில் இருந்த முறுக்கு அப்படியே இருந்தது.

2

க்ரெடிட் என்றால் என்ன என்று கேட்பீர்கள். எனக்கும் என் பெண்தான் சொல்லிக்கொடுத்தாள்.

ஜானுவும் ஆப்டோமெட்ரிக்குத்தான், முழு நாலு வருஷப் படிப்புக்கு, விண்ணப்பம் போட்டிருந்தாள். என்னைப் பார்த்து ஆசைப்பட்டு என்று நினைத்துவிட வேண்டாம். அவளுக்குப் பத்து வயதில் கண்ணாடி போட்ட டாக்டரைப் பார்த்து ஆசைப்பட்டாள். அவளைப் பொறுத்தவரை அம்மா என்பவள் கடையில் திருகாணி முடுக்குகிறவள். அம்மாவின் பழைய படிப்பு என்பது கண்ணாடி விற்பதற்கான ஏதோ ஒரு பயிற்சி. அவள் அப்படி வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் ‘யுவர் கோர்ஸ்’ என்று அவள் சொல்லும்போது குரல் கொஞ்சம் இளகி வரும். குழந்தை வரைந்த படத்தைப் பாராட்டும்போது வருமே, அந்தக் குரல்.

விச்சிடாவில் எங்கள் சாப்பாட்டு மேஜையில் ஒரு குளிர்காலம் முழுக்க இதே பேச்சுதான். ஐந்து கல்லூரிகளை எடுத்துவைத்துக்கொண்டு கணினியில் கட்டம் கட்டமாக ஒப்பிட்டாள். ஒரு கல்லூரியில் முதல் அரையாண்டு பத்தொன்பது க்ரெடிட், இன்னொன்றில் இருபத்தொன்று, இன்னொன்று வருஷத்தை மூன்றாகப் பிரிக்கிறது, அதனால் அதன் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. வாரத்துக்கு ஒரு மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்து பாடம் கேட்டால், அரையாண்டு முடிவில் அது ஒரு க்ரெடிட். ஆய்வுக்கூடம் என்றால் ஒரு இடத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு க்ரெடிட், இன்னொரு இடத்தில் மூன்று மணி நேரத்துக்கு. நோயாளியைப் பார்த்தால் அதைவிடவும் குறைச்சல்.

‘எல்லா இடத்திலேயும் ஒரே கண்தானே?’ என்று கேட்டேன்.

‘கண் ஒண்ணுதான்மா. லோடு வேற’ என்றாள்.

இருபதைத் தாண்டினாலே அவள் கட்டத்துக்குச் சிவப்பு அடித்துவிடுவாள். தாங்காது என்று அர்த்தம். மனசை உடைக்கும் அளவுக்குப் படிப்பு இருக்கக் கூடாது என்பது அவர்கள் தலைமுறையின் நியாயம். தப்பென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்களை யாரும் தாங்குமா என்று கேட்கவில்லை, அவ்வளவுதான். கால அட்டவணையைச் சுவரில் ஒட்டினார்கள். நாங்கள் போனோம்.

இப்போது வலியசாலை வீட்டில், என் கையிலிருந்து ஃபோனை வாங்கிக் கடிதத்தைப் படித்தாள். அவள் புருவம் ஏறியது.

‘அம்மா, நாப்பத்தெட்டா? இது பொய் மாதிரி இருக்கு.’

பொய் என்று என் பெண் சொன்னது, கோப்பை மூடுவோம் என்று அவர்கள் சொன்னதைவிட அதிகம் வலித்தது.

3

‘என்னடி லல்லி, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?’ என்றார் அண்ணா. நேற்றுக் கட்டிய பட்டு வேஷ்டியின் பெருமை இன்னும் அவர் முகத்தில் இருந்தது.

அண்ணா அரசாங்க அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் காகிதம் எந்த மேஜையில் தூங்கும், யார் தட்டினால் எழுந்திருக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. என் கல்லூரியிலிருந்து பாடத்திட்டம், மணிநேரக் கணக்கு எல்லாவற்றையும் முத்திரை வைத்து வாங்கி அமெரிக்காவுக்கு அனுப்பியதே அவர்தான். ஆறு தடவை நடந்தார். ஒரு தடவைகூடச் சலித்துக்கொள்ளவில்லை.

விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மெல்ல மாறியது. மன்னியைப் பார்த்தார். மன்னி சுவரைப் பார்த்தாள்.

‘நான்தான் காலேஜ் ஆபீஸ்ல தங்கமணி கிட்ட சொன்னேன்’ என்றார். ‘அமெரிக்காவுக்குப் போற பேப்பராக்கும், கொஞ்சம் தாராளமா போடுங்கோன்னு. லேப் மணியையும் வகுப்பு மணியாவே போட்டுட்டா. லைப்ரரி, காலம்பற பிரேயர், அதையும் சேத்துக்கச் சொன்னேன். கூடுதலா இருந்தா நல்லதுதானே? மார்க் மாதிரியில்லையா அது?’

‘மார்க் இல்லை அண்ணா. வாரத்துல எத்தனை மணி நேரம் படிச்சேன்னு கணக்கு.’

‘பின்னே? நெறையப் படிச்சான்னா சந்தோஷப்படாம, ஏன் இவ்ளோ படிச்சேன்னு கேக்கறாளா?’

‘ஒரு ஆளால அவ்ளோ முடியாதுங்கறா.’

அண்ணா ஜானுவிடம் லேப் கணக்கை விசாரித்தார். உட்கார்ந்து கேட்டால் ஒரு மணிக்கு ஒன்று, நின்றுகொண்டு கையால் செய்தால் மூன்று மணிக்கு ஒன்று என்று அவள் சொன்னதும், ‘அப்போ நின்னு செஞ்சவாளுக்குக் குறைச்சல், உக்காந்து கேட்டவாளுக்குக் கூடுதல். நல்ல தேசம்தான்’ என்றார்.

அவர் மேல் எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. கல்யாணப் பெண்ணுக்கு ஒரு பவுன் கூடப் போட்டு அனுப்புகிற மனசோடு என் படிப்பில் மணிநேரத்தைக் கூட்டிப் போட்டு அனுப்பியிருக்கிறார். இந்தத் தப்பை எங்கள் வீட்டு மனிதர்களைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாது.

‘குறைச்சு வாங்கணும் அண்ணா’ என்றேன்.

‘குறைச்சா?’ என்று மன்னி கேட்டாள்.

4

மறுநாள் காலை அண்ணா, நான், ஜானு மூன்று பேரும் கல்லூரிக்குப் போனோம். மஞ்சள் கட்டடத்துக்கு இப்போது வெள்ளை அடித்திருக்கிறார்கள். நான் படித்தபோது வருகைப் பதிவேட்டோடு வகுப்பு வகுப்பாக நடந்துகொண்டிருந்த தங்கமணி சேச்சி இப்போது அலுவலக சூப்பரின்டெண்ட். தமிழ்ப் பிள்ளைகளோடு பேசிப் பேசி, அவருக்கு மலையாளமும் தமிழும் ஒரே வாக்கியத்தில் வரும். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கன்னத்தைத் தொட்டார். மெலிந்துவிட்டேன் என்றார். அது இந்த ஊரில் எல்லோரும் என்னிடம் சொல்லும் இன்னொரு பொய்.

நான் வந்த காரியத்தைச் சொன்னதும் சேச்சி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

‘கொறைக்கணோ? மோளே, இந்த சீட்டுல உட்கார்ந்து எத்தர வருஷமாச்சு. அட்டென்டன்ஸ் கூட்டணும், மார்க் கூட்டணும்னு வந்தவரைத்தான் ஞான் கண்டிருக்கேன். கொறைக்கணும்னு ஒருத்தரும் வந்திட்டில்ல.’

‘உள்ளதை மட்டும் போட்டாப் போதும் சேச்சி.’

அலமாரியிலிருந்து எங்கள் பேட்சின் பழைய கால அட்டவணை வெளியே வந்தது. ஜானு மடிக்கணினியைத் திறந்தாள். சேச்சி வாசிக்க, நான் விளக்க, அவள் தட்டினாள். வகுப்பு என்றால் ஒன்றுக்கு ஒன்று. ஆய்வுக்கூடம் மூன்றுக்கு ஒன்று. லைப்ரரி இல்லை. பிரேயர் இல்லை. அண்ணா பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு மணிநேரமும் போகப் போக, சொத்து கை மாறுவதைப் பார்ப்பவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

நடுவே ஜானு நிறுத்தினாள். ‘சனிக்கிழமையும் க்ளாஸா?’

‘சாயங்காலம் வரைக்கும்.’

‘இதுல எது எலெக்டிவ்? நீயா எடுத்துண்டது?’

‘நானா எதையும் எடுத்துக்கலை. எல்லாம் எல்லாருக்கும்.’

‘அப்ப ஹோம்வொர்க்?’

‘கிழக்கேகோட்டை பஸ்ல.’

அவள் சிரிக்கவில்லை. திரும்பவும் மேலிருந்து கூட்டினாள். மறுபடியும் கூட்டினாள். வந்தது முப்பத்தொன்று. அண்ணாவின் தாராளத்தையெல்லாம் கழித்து, அவர்கள் ஊர் விதிப்படி வெட்டிச் சுருக்கிய பிறகும் முப்பத்தொன்று. அவள் சிவப்பு அடித்து ஒதுக்கிய கல்லூரியைவிடப் பத்து அதிகம்.

ஜானு கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நாற்காலியைக் கொஞ்சம் என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

‘இதையும் அவா நம்ப மாட்டா’ என்றார் அண்ணா. சொன்னது நியாயம்தான். உண்மையே பொய் மாதிரி இருந்தால் என்ன செய்வது?

சேச்சி ஒரு வழி சொன்னார். ‘கேம்ப் வெட்டிடலாம். அதுக்குப் பரீட்சை இல்லையல்லே. அது போனா எண் கொறையும், கேள்வியும் கொறையும்.’

கேம்ப் என்பது கண் முகாம். வாரத்தில் ஒரு நாள் காலை, வேனில் எங்களை ஏற்றிக் கடற்கரைப் பக்கம் கொண்டுபோவார்கள். விழிஞ்ஞத்தில் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் பெஞ்சு போட்டு உட்காருவோம். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது. கிட்டத்தில் தெரிகிறதா என்று பார்க்க, படிக்கிற அட்டையை நீட்டினால் சங்கடத்தோடு சிரிப்பார்கள். அதற்காக நாங்கள் ஒரு தட்டில் அரிசி கொண்டுபோவோம், கல் கலந்த அரிசி. மூக்கில் சோதனைக் கண்ணாடி மாட்டிவிட்டு, கல்லைப் பொறுக்கச் சொல்வோம். லென்ஸை மாற்ற மாற்ற விரல் வேகம் மாறும். ஒரு அம்மாள் கல்லையெல்லாம் பொறுக்கிவிட்டு, அந்தக் கண்ணாடியைக் கழற்ற மறுத்து, பக்கத்தில் நின்ற தன் மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள். ‘இவ இத்தன சுந்தரியோ’ என்றாள். வராந்தாவே சிரித்தது. அன்றைக்குத்தான் இந்தத் தொழில் எனக்குப் பிடித்துப்போனது.

‘காரியம் நடக்கணும்னா கொஞ்சம் வளைஞ்சு குடுக்கணும் லல்லி’ என்றார் அண்ணா. ‘கூட்டினது என் தப்பு. இப்போ குறைச்சுக்கோ. கடைசி பேட்ச்னு நீதானே சொன்னே?’

அது எனக்கும் தெரியும். வெட்டினால் அநேகமாக இடம் கிடைத்துவிடும். வெட்டாவிட்டால் இன்னொரு ‘அன்புள்ள விண்ணப்பதாரருக்கு’ வரலாம், மிச்ச வயதுக்கும் கதவுக்கு வெளியேதான். வெட்டிவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். இல்லாததைச் சேர்த்துப் போட்டதைக் கழிக்க வந்தவள், இருந்ததை இல்லை என்று எப்படிச் சொல்வேன்? அதுவும் அந்தக் காலைகளை.

‘வெட்டாதே’ என்றாள் ஜானு.

எல்லோரும் அவளைப் பார்த்தோம்.

‘அவாளுக்கு இந்த மாதிரி டைம்டேபிள் எப்படி இருக்கும்னே தெரியாது. தெரியாததால பொய்ங்கறா. நானும் அப்படித்தான் நினைச்சேன்’ என்றாள். கொஞ்சம் தயங்கி, ‘நான் எழுதறேன்மா. அவாளுக்குப் புரியற மாதிரி’ என்றாள்.

எழுதினாள். வாரத்தில் ஆறு நாள், விருப்பப் பாடம் கிடையாது, எல்லோருக்கும் ஒரே அட்டவணை, எது வகுப்பு, எது ஆய்வுக்கூடம், எது முகாம் என்று நாள்வாரியாகப் பிரித்து, பழைய அட்டவணையின் நகலையும் சேர்த்தாள். முகாமில் என்ன செய்வோம் என்று அவள் கேட்க, அரிசித் தட்டையும் அந்த அம்மாளையும் பற்றிச் சொன்னேன். முன்பு அனுப்பிய கணக்கு ஏன் அப்படி இருந்தது என்றும் ஒரு விளக்கம் வேண்டியிருந்தது. விண்ணப்பதாரரின் குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் என்று எழுதச் சொன்னார் அண்ணா. சேச்சி தலையாட்டி மறுத்தார்.

‘வேண்டா. ஆபீஸ் இட்ட கணக்கு, ஆபீஸ்தான் தெற்றுன்னு சொல்லணும்’ என்றார். ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலமே இருக்கும் மனுஷி. தன் பேனாவால் தன் பிழையென்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையைப் பதமாக வைத்து அழுத்தினார். பிறகு எல்லோருக்கும் டீ சொன்னார்.

5

விச்சிடா திரும்பி, கடை, திருகாணி, கதவுக்கு உள்ளிருந்து கேட்கும் கேள்வி என்று நாள் போயிற்று. ஒவ்வொரு தடவை ஃபோன் சிணுங்கும்போதும் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு எடுத்துப் பார்த்தேன். ஒரு மத்தியானம் பதில் வந்தது. விளக்கம் ஏற்கப்பட்டது. ஆனால் அவர்கள் விதிப்படி ஒரு அரையாண்டுக்கு இவ்வளவுதான் என்று ஒரு உச்சவரம்பு உண்டாம். அதற்கு மேலே எத்தனை படித்திருந்தாலும் கணக்கில் வராது. முகாம்களை ‘பிற அனுபவம்’ என்று கடைசி வரியில் போட்டு, எதிரே ஒரு கோடு இழுத்திருந்தார்கள். க்ரெடிட் இல்லை. மற்றதற்குக் கிடைத்த க்ரெடிட், கல்லூரியில் இடம் கிடைக்கப் போதுமாக இருந்தது. கடைக்குப் பின்னால் போய் நின்று அழுதுவிட்டு, வந்து ஒருவருக்கு ஃப்ரேம் வளைத்துக் கொடுத்தேன்.

ஜானுவுக்கும் இடம் கிடைத்தது, வேறு மாநிலத்தில். நான் சேரவிருந்த கல்லூரியும் அவளை எடுத்துக்கொண்டது. வேண்டாம் என்றாள். ‘ஒரே காலேஜ்னா நீ எனக்கு டிபன் கட்டிண்டு வந்து நிப்பே’ என்றாள். மறுக்க முடியவில்லை.

சேர்ந்த அன்று, ஆலோசகர் என்று ஒரு இளம்பெண் என்னை உட்காரவைத்து, மிகவும் அக்கறையாகப் பேசினாள். இந்த அரையாண்டு இருபத்திரண்டு க்ரெடிட், சுமை அதிகம், குடும்பம் உள்ளவர்கள் திணறுவார்கள், தேவைப்பட்டால் தயங்காமல் வந்து பேசுங்கள் என்றாள். நல்ல பெண். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து தங்கமணி சேச்சிக்கு ஃபோன் போட்டேன்.

‘இருபத்திரண்டோ?’ என்றார் சேச்சி. ‘பாக்கி நேரம் மோள் என்னா செய்யும்?’

நேற்று சாயங்காலம் ஜானு கூப்பிட்டாள். முதல் வாரமே தாங்கவில்லை, தூக்கம் போதவில்லை, எல்லோரும் அழுகிறார்கள் என்று கொஞ்ச நேரம் புலம்பினாள். நான் ‘உம்’ கொட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் குரல் மாறியது.

‘இன்னிக்கு க்ளாஸ்ல ப்ரொஃபசர் கேட்டார்மா. படிக்கத் தெரியாதவாளுக்குக் கிட்டத்துல தெரியறதான்னு எப்படி டெஸ்ட் பண்ணுவேள்னு. ஒருத்தன் படம்னான். ஒருத்தி ஃபோன்னா. நான் அரிசித் தட்டைச் சொன்னேன்.’

‘என்ன சொன்னார்?’

‘போர்டுல எழுதினார். எங்கே கத்துண்டேன்னு கேட்டார்.’

‘நீ என்ன சொன்னே?’

‘எங்கம்மாவோட ஸ்கூல்லன்னேன்.’

‘அதுக்கு எத்தனை க்ரெடிட்னு கேக்கலையா?’ என்றேன்.

‘கேக்கலைம்மா’ என்றாள் ஜானு. ‘அந்த மாமி மருமகளைப் பாத்து என்ன சொன்னா, அதை இன்னொரு தடவை சொல்லு.’